ஆஸ்பத்திரிக்குப் போன சிமெண்ட்

"ஷெல் வருது! விழுந்து படுங்கோ! படு!"

படுக்கிறேன். வாயெல்லாம் மண். தலைக்கு மேலே உய்ங் என்று ஒரு சத்தம். வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. பிறகு டமார். நிலம் வயிற்றில் குத்துகிறது. டயருக்கும் டயருக்கும் நடுவில் குப்புறக் கிடக்கிறேன். மேலே ஒரு டிரெய்லர் நிறைய சிமெண்ட். கீழே நான்.

கத்தியவர் யோகண்ணன். இரண்டாவது லாரியின் டிரைவர். யாழ்ப்பாணத்துக்காரர். என் பக்கத்தில் கிடக்கிறார். காதைப் பொத்தியிருக்கிறார். வாயை அகலத் திறந்து வைத்திருக்கிறார். எனக்கும் வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார். செத்துப்போகிற நேரத்தில் இந்த ஆள் என்ன கொட்டாவி விடச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. காது சவ்வு கிழியாமலிருக்க அப்படிச் செய்ய வேண்டும் என்று பிறகு சொன்னார். அவருடைய பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொன்று விழுகிறது. இன்னொன்று. அப்புறம் சத்தமில்லை.

"மூண்டு. முடிஞ்சுது, தம்பி. எழும்பு."

எழுந்து சட்டையைத் தட்டினார். அவர் சொன்னபடியே முடிந்திருந்தது. கடைசியில் நின்ற லாரியிலிருந்து மட்டும் புகை வந்தது. அது குல் கானின் லாரி. பெஷாவர் பக்கத்து மனிதர். எப்போது பார்த்தாலும் பசி. "ஜல்தி பகாவோ, பாய்" என்று சீக்கிரம் சமைக்கச் சொல்லி எங்கள் அடுப்பையே சுற்றுவார். அவர் கேபினை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி இல்லை. கதவைத் திறந்தோம். திறந்திருக்க வேண்டாம்.

என் பெயர் செல்வராசு. நாமக்கல் பக்கம். பதினெட்டு வயதில் லாரி ஏறியவன். இப்போது ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் பாக்டரியில் டிரெய்லர் ஓட்டுகிறேன். இது 2008. நான் சொல்லப்போவது 2004 கடைசியில் ஈராக்கில் நடந்தது. எவனும் இதைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். சொல்லாவிட்டால் யோகண்ணன் என்றொரு மனிதர் அங்கே இருந்தார் என்பதற்கே சாட்சி சொல்ல ஆள் இல்லை.

குவைத் டிரைவர் வேலை என்றுதான் ஏஜெண்ட் அனுப்பினான். குவைத்தில்தான் இறங்கினேன். குவைத்தில்தான் தூங்கினேன். ஓட்டியது எல்லைக்கு அந்தப் பக்கம். நம் சர்க்கார் ஈராக்குக்குப் போகாதே என்று சொல்லியிருந்த காலம். பாஸ்போர்ட் கபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், ஆபீஸ் அலமாரியில். போகமாட்டேன் என்றால் யாரிடம் சொல்வது? அலமாரியிடமா?

சண்டை முடிந்துவிட்டது, இனிமேல் கட்டுமானம்தான் என்று ஆபீசில் சொன்னார்கள். எல்லாவற்றையும் திரும்பக் கட்டப்போகிறார்கள். பாலம், ரோடு, தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி. கம்பி போகிறது. பைப் போகிறது. சிமெண்ட் போகிறது. எல்லைக் கேட்டில் லாரி வரிசைக்கு முடிவே தெரியாது. நாடே கட்டி முடிந்த மாதிரி எனக்கும் தோன்றியது. என்ன வேடிக்கை.

எங்கள் மூன்று லாரியிலும் ஆஸ்பத்திரி சிமெண்ட். நாங்கள் போய் நின்ற ஈராக் ஊரின் ஆஸ்பத்திரியில் பாதி இடிந்து கிடந்தது. யார்டிலிருந்து பார்த்தால் தெரியும். மேல்மாடியில் ஒரு கட்டில் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எந்த நேரமும் விழும். நாங்கள் இருந்தவரை விழவில்லை.

யார்ட் என்றால் பழைய தானியக் கிடங்கு. சுற்றி மதில். ஒரு பக்கம் மட்டும் கம்பி வேலி. காவலுக்கு ஒரே ஒருவன். சைட் இஞ்சினியர் வந்து, சரக்கைப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இறக்கிவிட்டுக் குவைத் திரும்பலாம். போடவில்லை என்றால் அங்கேயே கிட. இஞ்சினியர் வரவில்லை. சாட்டிலைட் போனில் கூப்பிட்டால் ஆபீஸ்காரன் ஒரே பாட்டு. "கல் ஆயேகா, பாய். கல்." கல் என்றால் நாளை. அந்த நாளை வரவே இல்லை.

யோகண்ணனுக்கு அந்தக் கையெழுத்து என்னைவிட அவசரம்.

அவருக்குச் சாவகச்சேரி. சண்டையில் ஊரே தரைமட்டம். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிச்சம். பிறகு சமாதானம் என்றார்கள். பாதை திறந்தார்கள். இவர் குவைத் வந்து, சம்பளம் முழுவதையும் அனுப்பி, கல்லுக்கு மேல் கல்லாக வீட்டை ஏற்றினார். மனைவி வத்சலாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் பக்கத்திலேயே ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். போட்டோ வரும். கேபினில் ஒட்டிவைப்பார். முதலில் அத்திவாரம். அப்புறம் சுவர். அப்புறம் ஜன்னல் நிலை. கடைசிப் போட்டோவில் கூரை ஏறியிருந்தது. தைமாதம் குடிபூரல். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டுக்காரன் இல்லாமல் குடிபூர முடியாது. "நான் போய்த்தான் முதல் கால் வைக்கவேணும் தம்பி" என்பார். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. லாரியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் பாஸ்போர்ட் தருவோம் என்றது ஆபீஸ்.

ஆக, கையெழுத்து. கையெழுத்துக்குச் சிமெண்ட் சரியாக இருக்க வேண்டும். மூட்டை குறையக் கூடாது. கட்டியாகக் கூடாது. அந்த மனிதர் அந்தச் சிமெண்டைப் பிள்ளையைப் போலப் பார்த்தார். தார்ப்பாயை அவர் படங்கு என்பார். காலையில் ஒருமுறை இறுக்கிக் கட்டுவார். மத்தியானம் ஒருமுறை. எனக்குச் சிரிப்பு வரும்.

"என்னங்ணா, பாலா காச்சறீங்க? சும்மா உடுங்ணா, அது பாட்டுக்கு இருக்குமுங்."

"உனக்கென்ன தெரியும். எங்கட ஊரில ஒரு காலத்தில சீமெந்து தடை. ஒரு பை எடுக்க ஆமியிட்ட பாஸ் வேணும். ஆக்கள் சைக்கிளில ஒளிச்சுக் கொண்டு வந்தவை. இஞ்ச பார், மலை மாதிரிக் கிடக்கு. எடுக்க ஆளில்லை."

குல் கானைக் கொண்டுபோன பிறகு நான் பயந்துபோனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். லாரிக்கு அடியில் தூங்கினேன். சோறு இறங்கவில்லை. யோகண்ணன் மண்வெட்டியை எடுத்தார். மதிலோரத்தில் பதுங்கு குழி, அவர் சொல்லில் பங்கர், வெட்டினார். நேராக இல்லை. ஒரு திருப்பம் வைத்து வெட்டினார். நேராக இருந்தால் வாசலில் விழுகிற ஷெல்லின் சிதறல் நேரே உள்ளே வருமாம். கிடங்கில் கிடந்த மரங்களைக் குறுக்கே போட்டார். மேலே அடுக்க மண் மூட்டை வேண்டும். சாக்கு இல்லை.

"குல் கான் லாரியில இருக்குதுங்களே" என்றேன்.

என்னை முறைத்தார். "சீமெந்தை ஆரும் மண்மூட்டை ஆக்குவினமோ?"

ஆக்கினார். அடுத்த முறை அடித்தபோது ஆக்கினார். டும் என்று தூரத்தில் ஒரு சத்தம் கேட்கும். அது குத்துகிற சத்தம், அங்கே குழலுக்குள் போடுகிறான் என்று அர்த்தம். பிறகு உய்ங். பிறகு டமார். மூன்று. அதற்குமேல் இல்லை. பிக்கப்பில் வருகிறவர்கள் மூன்று போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அன்றைக்கும் மூன்றுதான். அன்றைக்கே குல் கானின் மூட்டைகளை முதுகில் சுமந்துவந்து பங்கருக்கு மேலே இரண்டு வரிசை அடுக்கினார். ஒவ்வொரு மூட்டையையும் தட்டித் தட்டி வைத்தார். ஒரு மேஸ்திரி வைப்பதைப் போல ஒழுங்காக.

வேலிக்கு வெளியே ஓர் ஆள் தினமும் வந்து நிற்பார். அந்த ஊர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். அபு ஹசன் என்று காவல்காரன் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வீடு. சுவர் ஒன்று விழுந்துவிட்டது. பிள்ளைகள் குளிரில் கிடக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலைக் காட்டுவார்.

"சதீக். இஸ்மந்த். வாஹித். பஸ் வாஹித்."

ஒரு மூட்டை. ஒரே ஒரு மூட்டை.

எனக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. குல் கானின் மூட்டைதானே. யோகண்ணன் விடவில்லை. "பங்கரில கிடக்கிறதை எண்ணிக் காட்டலாம். குடுத்ததை எப்பிடிக் காட்டுறது? ஒண்டு குறைஞ்சாலும் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாட்டி எனக்குத் தை இல்லை." சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அபு ஹசனைப் பார்க்காமல் படங்கைக் கட்டப் போனார். பாஸ் இல்லாமல் ஒரு பை சிமெண்டுக்கு அலைந்த ஊர்க்காரர். அவருக்கா தெரியாது? தெரிந்துதான் திரும்பி நின்றார். காவல்காரன், "யல்லா, ரோஹ், ரோஹ்!" என்று அபு ஹசனை விரட்டினான். மறுநாளும் வந்து நின்றார்.

பிறகு மழை. அந்த நாட்டு மார்கழி மழை. குளிர் எலும்பைக் கடிக்கிறது. யார்டு முழுக்கச் சேறு. யோகண்ணன் எங்கள் இரண்டு லாரிப் படங்கின் மேலும் மாறி மாறி ஏறி உட்காருகிறார். காற்றில் அது கிளம்பிவிடாமல் உடம்பால் அழுத்துகிறார். "இறங்குங்ணா! சளி புடிச்சுச் சாவீங்க!" என்று கத்துகிறேன். காதிலேயே வாங்கவில்லை. நானும் ஏறி ஒரு மூலையை அழுத்தினேன். வேறு என்ன செய்வது?

எங்கள் மூட்டைகள் பிழைத்தன. பங்கர் மூட்டைகள் நனைந்தன. வெயில் வந்ததும் இறுகின. காகிதம் உரிந்து விழுந்தது. உள்ளே மூட்டை வடிவத்தில் கல். யோகண்ணன் கையால் குத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு அபு ஹசன் வந்தால் அவர் கேபினுக்குள் போய்விடுவார்.

ஒருநாள் காலை போன் வந்தது. இஞ்சினியர் நாளைக்கு நிச்சயம். இந்த முறை காண்டிராக்டர் ஆபீசிலிருந்தே பேசினார்கள்.

யோகண்ணனை நான் அப்படிப் பார்த்ததில்லை. முகச்சவரம் செய்தார். சட்டை துவைத்தார். தை பிறக்க நாள் இருக்கிறது, போய்விடலாம், போய்விடலாம் என்று தனக்குத்தானே பேசினார். இன்றைக்குச் சமையல் என்னுடையது என்றார். டிரெய்லரின் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதன் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே மேடை. அடுப்பு, சிலிண்டர், அரிசி எல்லாம் அதற்குள்தான். கல்ஃப் டிரெய்லர் டிரைவர்களுக்கு அதுதான் வீடு. பெட்டிக்குப் பக்கத்திலேயே டீசல் டாங்கி. யோகண்ணன் டின் மீனைத் திறந்தார். வத்சலா வறுத்து இடித்துக் கொடுத்தனுப்பிய தூளைப் போட்டார். யார்டு முழுக்க வாசம். எனக்கு அத்தனை நாளைக்கும் சேர்த்துப் பசித்தது.

"குடிபூரலுக்கு வா தம்பி. பலகாரம் சுடுவினம். நீ சாப்பிட்ட மாதிரி இருக்காது."

"டிக்கெட் போட்டுத் தாங்ணா, நாளைக்கே வர்றனுங்."

சிரித்தார். உப்புப் பார்க்கக் கரண்டியைத் தூக்கினார்.

டும்.

"ஷெல்! ஓடு! பங்கருக்கு ஓடு!"

ஓடுகிறேன். அவர் பின்னாலேயே வருகிறார். திருப்பத்தில் என்னை உள்ளே தள்ளிவிட்டு மேலே விழுகிறார். டமார். யார்டுக்கு வெளியே. டும். உய்ங். டமார். மதிலுக்குப் பக்கத்தில். கல்லாகிப்போன சிமெண்டின்மேல் சிதறல் சடசடவென்று அடிக்கிறது. உள்ளே ஒரு தூசியும் வரவில்லை. அப்படிக் கட்டியிருந்தார் அந்த மனிதர். டும். உய்ங். டமார்.

அமைதி.

"மூண்டு" என்றார். தலையைத் தூக்கினார். "ஐயோ, அடுப்பு!"

சிலிண்டர் திறந்திருக்கிறது. தீ எரிகிறது. பக்கத்தில் டீசல். அதற்கு மேலே சிமெண்ட். நாளைக்கு இஞ்சினியர்.

"வேண்டாங்ணா! இருங்ணா! யோகண்ணா!"

"முடிஞ்சுது தம்பி. இந்தா, பூட்டிப்போட்டு வாறன்."

போனார். ஓடக்கூட இல்லை. வேகமாக நடந்தார். குனிந்து சிலிண்டரை மூடினார். மூடியதை நான் பார்த்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

டும்.

அவருக்கும் கேட்டது. கேட்டதென்று முகத்தில் தெரிந்தது. அவர் ஊர்ப் பழக்கம் அவரை உடனே தரையில் தள்ளியது. முறைப்படி விழுந்தார். காதைப் பொத்தி, வாயைத் திறந்து. எல்லாம் சரியாகத்தான் செய்தார். அவர் பார்த்த சண்டையில் எத்தனையோ முறை அது அவரைக் காப்பாற்றியிருந்தது. இது வேறு சண்டை. எவனோ அன்றைக்கு ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவந்திருந்தான்.

ஒரே ஒரு சிதறல் அவரைக் கொண்டுபோயிற்று. லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. படங்கு கிழியவில்லை. ஒரு மூட்டையும் குறையவில்லை. அடுப்பில் குழம்பு சூடாக இருந்தது. நான் அதை மண்ணில் கொட்டினேன். சட்டியோடு தூக்கி எறிந்தேன். ஓவென்று கத்தி அழுதேன். காவல்காரன் வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டான். வேலிக்கு வெளியே அபு ஹசன் நின்றார். அவர் அன்றைக்கு விரலைக் காட்டவில்லை. உள்ளே வந்து யோகண்ணனை ஒரு பக்கம் தூக்கினார். மறுபக்கம் நான்.

மறுநாள் இஞ்சினியர் வந்தான். சொன்னபடி வந்தான், நாசமாய்ப் போக. இரண்டு காவல் வண்டி முன்னே, இரண்டு பின்னே. எஞ்சினை நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கி, காகிதத்தை வாங்கி, மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். மூட்டையை எண்ணவில்லை. படங்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. மூன்று லாரியா என்றுகூடக் கேட்கவில்லை. எங்கே இறக்குவது என்று கேட்டேன். அங்கேயே ஓரமாகக் கொட்டு என்றான். ஆஸ்பத்திரி வேலை கேன்சலாகிப் பத்துப் பதினைந்து நாள் ஆகிறதாம். சரக்கு வந்து சேர்ந்தது என்ற காகிதம் மட்டும் அவர்களுக்கு வேண்டும். பணம் வாங்க.

அவன் வண்டியின் பின்னால் ஓடினேன். கல்லை எடுத்து எறிந்தேன். படவில்லை. காவல் வண்டிக்காரன் துப்பாக்கியை என் பக்கம் திருப்பினான். கீழே போடவும் இல்லை, சுடவும் இல்லை. போய்விட்டார்கள்.

காவல்காரனும் நானும் சிமெண்டைச் சேற்றில் இறக்கினோம். அபு ஹசனைக் கூப்பிட்டேன். எடுத்துக்கொள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினேன். அவர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலமே மறுபடியும் மழை. திரும்பி வரவில்லை. ரோடு மூடியிருந்ததோ, அவருக்கே ஏதாவது ஆனதோ, எனக்குத் தெரியாது. நான் கிளம்பும்போது மூட்டைகள் இறுக ஆரம்பித்திருந்தன.

யோகண்ணன் மீன் வண்டியில் குவைத் வந்தார். ஐஸ் பெட்டி உள்ள வண்டி அது ஒன்றுதான். அவரை ஊருக்கு அனுப்பத் தை முடிந்து மாசி ஆகிவிட்டது. வத்சலாவுக்கு நான்தான் போன் போட்டேன். அப்புறமும் போட்டேன். சடங்கெல்லாம் நல்லபடி முடிந்ததா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள விடேல்லை அண்ணை" என்றது அந்தப் பெண். அழாமல்தான் சொன்னது. "குடிபூராத வீட்டில முதன்முதலாச் சவம் ஏத்தக் கூடாதெண்டு சனம் சொல்லிப்போட்டுது. கொட்டிலிலதான் கிடத்தினனாங்கள். மழையும் பெய்தது. அவருக்கு மேல படங்கு பிடிச்சனாங்கள்."

போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவர்கள் குடிபூரவில்லை. யாருக்காகப் பால் காய்ச்சுவது? 2006இல் அங்கே சமாதானம் என்று சொன்னதெல்லாம் முடிந்தது. பாதையைப் பூட்டினார்கள். சிமெண்ட் மறுபடியும் இல்லை. பூச்சுப் பூசாத சுவர் அப்படியே நின்றது. போன வருடம் ஒரு ஷெல் கூரையின் ஒரு மூலையைக் கொண்டுபோயிற்று. யார் அடித்தது என்று தெரியாதாம். இப்போது போனில் யாரும் கிடைப்பதில்லை. மணி அடிக்கிறது. எடுப்பதில்லை.

நான் இங்கே இருக்கிறேன். குல் கான் மூட்டையில் அச்சடித்திருந்த ஊர்ப் பெயர் ராஸ் அல் கைமா. இங்கே வேலை தேடி வந்து அதே மூட்டையைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அதே சிமெண்டை ஏற்றித் துபாய்க்கு ஓட்டுகிறேன். அங்கே லாரி போய் நிற்பதற்குள் இறக்கிவிடுகிறார்கள். கட்டிடம் ஏறிக்கொண்டே போகிறது. எவனும் அதற்காக மழையில் படங்கின்மேல் உட்காரவில்லை.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். குல் கான், பெஷாவர் பக்கம். யோகண்ணன், சாவகச்சேரி. அபு ஹசன், இருக்கிறாரா போய்விட்டாரா என்று கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. மூன்று லாரி சிமெண்ட். ஓர் ஆஸ்பத்திரி. ஒரு வீட்டுச் சுவர். பால் காய்ச்சாத வீடு ஒன்று. அந்தச் சிமெண்டால் கட்டி முடிந்தது மதிலோரத்துப் பங்கர் மட்டும்தான். அது இன்னும் அங்கே நிற்கும், அவ்வளவு உறுதி. இரண்டு பேர் உட்காரலாம். கடைசியில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன்.